பவர்ட் மிக்சர் பாதியில் நின்றுவிடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கோயில் திருவிழா, கலியாணம், பாடசாலைக் கலைவிழா என்று செட் போடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் முறைப்பாடு இது: "அண்ணா, மிக்சர் தானா நிக்குது." மிக்சரும் அம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற பவர்ட் மிக்சரைத்தான் சொல்கிறார்கள். தூக்கிப் போக வசதி, இரண்டு ஸ்பீக்கரைக் கொழுவினால் வேலை முடிந்தது. ஆனால் அது நின்றால் மைக், பாட்டு, மந்திரம் எல்லாம் ஒன்றாக நிற்கும். கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மிக்சர் நின்றால் அது பழுதாகிவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. உள்ளே ஒரு பாதுகாப்புச் சுற்று நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்: அம்ப் பகுதி எவ்வளவு சூடாகிறது, ஸ்பீக்கர் பக்கம் எவ்வளவு கரண்ட் போகிறது, வெளியே போகும் சத்தத்தோடு நேர்மின்சாரம் (டிசி) கலந்திருக்கிறதா, சுவரில் இருந்து வரும் வோல்ட் காணுமா. இதில் ஒன்று பிழைத்தாலும் சத்தத்தை வெட்டிவிடும். வெட்டாமல் விட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் போகும், அதோடு ஸ்பீக்கரும் போகும். ஆகவே நிற்பதைப் பழுது என்று எடுக்காமல், பெட்டி உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எங்கே இருந்து தேடத் தொடங்குவது?

திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். நான் யாரிடமும் முதலில் கேட்பது இவைதான்.

எப்போது நிற்கிறது? சுவிட்சைப் போட்டவுடனேயா, சத்தம் கூடும்போதா, அரை மணித்தியாலம் ஓடின பிறகா, யாராவது மேசையைத் தட்டினாலா, மண்டபத்தில் ஏசி போட்டாலா? இந்த ஒரு விடையிலேயே முக்கால்வாசிப் பழுது பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, நிற்கும்போது முன்பக்க லைட்டுகள் என்ன செய்கின்றன? பவர் லைட் எரிந்துகொண்டு இருக்கிறது, 'புரொடெக்ட்' லைட் பத்துகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் பிரச்சினை அம்ப், ஸ்பீக்கர், சூடு ஆகிய பக்கங்களில். எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்தால் கரண்ட் வரும் பாதையில்: பிளக், பவர் வயர், எக்ஸ்டென்ஷன், பியூஸ், உள்ளே பவர் சப்ளை. இந்த இரண்டையும் கலந்து யோசித்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இருட்டில் நின்றுவிட்டால் பதற்றத்தில் லைட்டைப் பார்க்க மறந்துவிடுவோம். பக்கத்தில் இருக்கிற பொடியனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "நின்றால் முதலில் லைட்டைப் பார்."

நன்றாக ஓடுகிறது. முப்பது நாற்பது நிமிடத்தில் நிற்கிறது. ஆறவிட்டால் திரும்ப வேலை செய்கிறது. ஏன்?

சூடு. இதில் சந்தேகமே வேண்டாம். ஆறினதும் தானாகத் திரும்பி வருவதே அடையாளம்.

பழைய, பாரமான பெட்டிகளில் இருக்கும் அம்ப், எடுக்கிற மின்சாரத்தில் பெரிய பங்கைச் சூடாக்கிவிடும். பாரம் குறைந்த புதிய 'கிளாஸ் டி' வகை அந்த அளவுக்குச் சூடாகாது, ஆனால் அதற்கும் காற்று வேண்டும். சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினிய ஹீட்சிங்கில் ஒரு வெப்பச் சுவிட்ச் ஒட்டியிருக்கும். ஹீட்சிங் ஏறத்தாழ 80, 90 பாகை செல்சியஸை எட்டும்போது பல பெட்டிகளில் அது வெட்டும். குளிரான அறையில் சோதித்துப் பார்த்தால் மிக்சர் அந்த எல்லைக்குப் போகவே போகாது. கொழும்பில் தகரப் பந்தலுக்குள், மத்தியானம் 30 பாகைக்கு மேல் போகும் வெக்கையில், பக்கத்திலே ஓமகுண்டம் எரிய வைத்துப் பாருங்கள். தொடங்கும்போதே பெட்டி பாதித் தூரம் போய்விட்டது. "கடையில் நன்றாக ஓடினது, கோயிலில் நிற்கிறது" என்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சில மாடல்களில் சூடு ஏறினால்தான் சுற்றும், ஆகவே போட்டவுடன் நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். சூடேறியும் சுற்றாவிட்டால் ஃபேன் போய்விட்டது. பழைய ஃபேனில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அளவையும் பார்த்து அதே மாதிரி ஒன்று வாங்கிப் போடலாம், பெரிய செலவு இல்லை. காற்றுத் துளைகளைப் பாருங்கள். சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, பந்தல் தூசி எல்லாம் சேர்ந்து ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். கோயில் செட்டுகளில் இது மிக அதிகம். நான் திறந்த ஒரு பெட்டியில் அந்தப் படலத்தை ஒரே துண்டாக உரித்தெடுத்தேன். அதைத் தவிர அந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு வைக்கும் இடம். மழைக்குப் பயந்து பொலித்தீன் போர்த்தி, அழகுக்காக மேசையில் சீலை விரித்து, அந்தச் சீலையாலேயே காற்றுத் துளையை மூடி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். துளைகள் உள்ள பக்கமெல்லாம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெயில் நேரே விழ விடாதீர்கள். ஒரு மேசை ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாலே பல நிகழ்ச்சிகள் தப்பியிருக்கின்றன.

அந்த வெப்பச் சுவிட்சைக் கழற்றி நேரே இணைத்துவிட்டால் நிற்காதாமே?

நிற்காது, உண்மைதான். எரியும். ஒரு கோயில் மிக்சரை அப்படி யாரோ "திருத்தி"க் கொடுத்திருந்தார்கள். இரண்டு திருவிழா தாங்கினது. மூன்றாவதில் அவுட்புட் டிரான்சிஸ்டர் சோர்ட் ஆகி (உள்ளே நேரே தொடுபட்டு), முழு நேர்மின்சாரமும் ஸ்பீக்கருக்குள் போய், வொய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் வயர்ச் சுருள்) கருகிப் பெட்டிக்குள் இருந்து புகை வந்தது. முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை நினைத்து இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். தயவுசெய்து இந்த வேலையை யாரும் செய்யாதீர்கள், செய்யச் சொல்லியும் கேட்காதீர்கள். பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றுவதும் இதே பாவம்தான்.

மெதுவாக ஓடினால் பிரச்சினை இல்லை. சத்தத்தைக் கூட்டினால், மேளம் பலமாக விழுந்தால் உடனே வெட்டுகிறது. ஏன்?

ஸ்பீக்கர் பக்கம் கரண்ட் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. எத்தனை ஸ்பீக்கர் கொழுவியிருக்கிறீர்கள்?

இதைக் கொஞ்சம் ஆறுதலாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கொழும்பு முழுக்க நடக்கிற பிழை இது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று எழுதியிருக்கும், கரண்ட்டை ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு அது. ஒரு ஸ்பீக்கரில் இருந்து அடுத்ததற்கு வயர் இழுத்துக்கொண்டே போனால் அவை பக்கவாட்டில் சேர்கின்றன. சேரச் சேர ஓம் குறையும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் 2.7 ஓம் அளவு. நான்கு என்றால் 2 ஓம். ஓம் பாதியாகும்போது அம்ப் கொடுக்க வேண்டிய கரண்ட் இரண்டு மடங்காகிறது. பெரும்பாலான பவர்ட் மிக்சர்கள் ஒரு பக்கத்துக்கு 4 ஓம் வரைதான் தாங்கும். பின்பக்கத்தில், ஸ்பீக்கர் துளைக்குப் பக்கத்திலே அது அச்சடித்திருக்கும். போய்ப் பாருங்கள்.

நடப்பது என்னவென்றால், திருவிழாவின் முதல் நாள் இரண்டு ஸ்பீக்கரோடு ஒழுங்காக ஓடும். இரண்டாம் நாள் நிர்வாகத்தில் ஒருவர் வந்து, "தம்பி, ரோட்டுப் பக்கம் கேக்கேல்ல, இன்னும் ரெண்டு போடுங்கோ" என்பார். இருக்கிற ஸ்பீக்கரின் பின்னாலேயே இன்னும் இரண்டைக் கொழுவுவோம். அமைதியான நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தவில்காரர் கை வைத்ததும் மிக்சர் நிற்கும். பழி மிக்சரின் மேல் விழும். கூடுதல் ஸ்பீக்கர் தேவை என்றால் இன்னொரு அம்ப் வையுங்கள், அல்லது உள்ளே அம்ப் உள்ள அக்டிவ் ஸ்பீக்கரை மிக்சரின் லைன் அவுட்டில் (அம்ப்புக்குப் போகாத மெல்லிய சிக்னல் வரும் துளை) இருந்து கொடுங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது.

இரண்டு பக்க அம்ப்பையும் ஒன்றாகச் சேர்க்கும் 'பிரிட்ஜ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். பிரிட்ஜில் போட்டால் தாங்கும் எல்லை இரண்டு மடங்கு: ஒரு பக்கத்துக்கு 4 ஓம் என்றால் பிரிட்ஜில் 8 ஓமுக்குக் குறையக் கூடாது. ஏற்றி இறக்கும்போது கை பட்டு அந்தச் சுவிட்ச் மாறியிருந்த பெட்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

கோயில் கூரையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் பலவற்றில், நீண்ட தூரம் வயர் இழுப்பதற்கான 100 வோல்ட் லைன் டிரான்ஸ்போர்மர் இருக்கும். அது சாதாரண மிக்சருக்கு உரியது அல்ல. ஓம் கூடுதலாகத் தெரிந்தாலும், அடித்தொனி பலமாகப் போகும்போது டிரான்ஸ்போர்மரின் இரும்புக் கரு தாங்கும் எல்லையை எட்டி சோர்ட் மாதிரி நடந்துகொள்ளும்.

மீட்டரில் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 என்று காட்டுகிறது. பழுதா?

இல்லை. மீட்டர் காட்டுவது வயர்ச் சுருளின் நேர்மின் தடை மட்டும். 8 ஓமுக்கு ஐந்தரை முதல் ஏழு வரை, 4 ஓமுக்கு மூன்று மூன்றரை காட்டினால் சரி. ஒன்றுக்குக் கீழே காட்டினால் ஸ்பீக்கரோ வயரோ சோர்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் போட்டிருக்கிறேன். அப்படியும் வெட்டுகிறதே?

வயரைப் பாருங்கள். ஸ்பீக்கரை அல்ல, வயரை.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஆடிமாத விழாவில் எனக்கு நடந்தது இது. பஜனை தொடங்கினால் மிக்சர் நிற்கும், இடைவேளையில் நன்றாக ஓடும். சூடு என்று நினைத்து ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்பீக்கரை மாற்றினேன், அப்போதும் நின்றது. கடைசியில் பார்த்தால், இரும்புக் கதிரை ஒன்றின் கால் ஸ்பீக்கர் வயரின் மேல் இருந்தது. உறை வெட்டுப்பட்டு, ஆள் உட்கார்ந்து பாரம் விழுந்தால் இரண்டு கம்பியும் தொடும். பஜனைக்கு ஆட்கள் வந்து உட்காரும் நேரம்தான் மிக்சர் நிற்கும் நேரம். அன்றிலிருந்து ஸ்பீக்கர் வயரை ஆட்கள் நடக்கும், உட்காரும் இடத்தால் நான் கொண்டுபோவதே இல்லை. முடியாவிட்டால் ரப்பர் விரிப்பு போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டிவிடுவேன்.

வயரைச் சோதிப்பது சுலபம். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையின் இரண்டு கம்பியிலும் பிடித்து, வயரைச் சாண் சாணாக மடக்கி ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்திலாவது மீட்டர் துள்ளினால் அங்கேதான் குற்றம். முக்கால்வாசி நேரம் அது பிளக்குக்குள், கம்பியின் மெல்லிய ஒரு மயிரிழை அடுத்த முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கால் அங்குல ஜாக் பாவிக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சத்தம் போய்க்கொண்டிருக்கும்போது அதைச் செருகினாலோ இழுத்தாலோ ஒரு கணம் சோர்ட் ஆகும். ஸ்பீக்கோன் பிளக்கில் அந்தத் தொல்லை இல்லை, திருகிப் பூட்டிக்கொள்ளும், யாராவது தடக்கினாலும் கழராது. பெட்டியில் இரண்டு வகைத் துளையும் இருந்தால் ஸ்பீக்கோனைப் பாவியுங்கள்.

ஸ்பீக்கருக்கு கிட்டார் வயர் கொழுவலாமா? பார்க்க ஒரே மாதிரித்தானே இருக்கிறது?

கூடாது. உள்ளே கம்பி தலைமயிர் மாதிரி மெல்லியது. சூடாகி உருகிச் சோர்ட் ஆகும்.

எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்து திரும்ப வருகிறது. கரண்ட் பிரச்சினையா?

அநேகமாக. நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். மாலையில், ஊர் முழுக்க விளக்குப் போட்ட நேரத்தில், பழைய கட்டடங்களில் அது இறங்குவது உண்டு. அதற்கு மேல் நாம் இழுக்கும் எக்ஸ்டென்ஷன் வயர். 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில் 40 மீட்டர் தூரம் இழுத்து 6 ஆம்பியர் எடுத்தால், போக வர 80 மீட்டர் கம்பிக்குள்ளேயே 12 வோல்ட் அளவு தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அதே இடத்தில் 4 வோல்ட்தான் போகும். சுவரிலே 212 வந்தால் மெல்லிய வயரின் மறுமுனையில் 200. பாரம் குறைந்த புது மிக்சர்களின் பவர் சப்ளை, தனக்குரிய எல்லைக்குக் கீழே வோல்ட் இறங்கினால் உடனே நிறுத்திக்கொள்ளும். மேளம் பலமாக விழும்போது அம்ப் கூட இழுக்கும், வோல்ட் இன்னும் இறங்கும், மிக்சர் அணையும். பார்க்கிறவருக்கு இது ஓம் பிரச்சினை மாதிரியே தெரியும். வித்தியாசம் பவர் லைட்டில் இருக்கிறது, அதுதான் முதலிலேயே லைட்டைப் பார்க்கச் சொன்னேன்.

அலங்கார விளக்கு, பெரிய ஃபேன், ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றையும் மிக்சரின் வயரிலேயே கொழுவ விடாதீர்கள். மிக்சருக்குத் தனி வயர். சுருட்டிய ரீலாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள், சுருளாகவே விட்டால் சூடாகும். நம் ஊரில் உருண்டை முள் பிளக்கும் சதுர முள் பிளக்கும் கலந்து கிடப்பதால் அடப்டர் மேல் அடப்டர் போடுகிறோம். அதில் ஒன்று தளர்வாக இருந்தாலும் காணும், மிக்சர் அணைந்து அணைந்து வரும். தொட்டுப் பார்த்து எந்த அடப்டர் சூடாக இருக்கிறதோ அதைத் தூக்கி எறியுங்கள். சதுர முள் பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸும் இருக்கிறது, அதன் பிடி தளர்ந்திருக்கலாம்.

ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் மின்சாரம் உள்ள மண்டபத்தில் சில விளக்கு மங்கலாகி, வேறு சில விளக்கு வழமையைவிடப் பளிச்சென்று எரிந்தால், நியூட்ரல் வயர் தளர்ந்திருக்கலாம். அப்போது 230 வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் அளவுக்கும் போகலாம். ஒரு நொடியும் யோசிக்காமல் மிக்சரின் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மண்டபத்தின் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வேல் ஊர்வலம் மாதிரி வாகனத்தில் ஜெனரேட்டர் வைத்து ஓடும்போதும் முதலில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, மீட்டர் பிடித்து, வோல்ட் நிதானமான பிறகுதான் மிக்சரைக் கொழுவ வேண்டும். டீசல் முடிந்து ஜெனரேட்டர் திணறி நிற்கும் அந்தக் கடைசி நிமிடத்தில் போன பெட்டிகள் நிறைய.

ஸ்டெபிலைசர் போட்டால் சரிவருமா?

வோல்ட் மெதுவாக ஏறி இறங்கும் இடத்தில் உதவும். மிக்சரின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டைவிட இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். வயர் மெல்லியது என்றால் முதலில் வயரை மாற்றுங்கள்.

தட்டினால் வருகிறது, ஆட்டினால் போகிறது. இது என்ன?

எங்கோ தொடுகை தளர்ந்திருக்கிறது. பின்னால் செருகும் பவர் வயரை முதலில் மாற்றிப் பாருங்கள், மூன்றில் ஒன்று அதோடே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். தீராவிட்டால் உள்ளே விரிசல் விட்ட ஈயப் பற்று, அல்லது துருப் பிடித்த ரிப்பன் வயர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். உப்புக் காற்று பித்தளை, ஈயம் எதையும் விடாது. வருடம் முழுக்க மூலையில் கிடந்து திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் பெட்டிதான் முதலில் கெடும். மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டிலே ஈரம் போய்விடும்.

சுவிட்ச் போட்டவுடனேயே புரொடெக்ட் லைட். சத்தமே வரவில்லை.

எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். லைட் அணைந்து உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் உள் சுவிட்ச்) சத்தம் கேட்டால் குற்றம் வெளியே, வயரிலோ ஸ்பீக்கரிலோ. ஒன்றுமே கொழுவாமலும் லைட் அணையாவிட்டால் குற்றம் உள்ளே. பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய் நேர்மின்சாரம் வெளியே வரப் பார்க்கிறது, பாதுகாப்புச் சுற்று ரிலேயைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டு எடுக்காதீர்கள். திருத்துகிறவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

நானே திறந்து பார்க்கலாமா?

தூசி தட்ட, ஃபேன் மாற்ற, கைப்பழக்கம் உள்ளவர் திறக்கலாம். ஆனால் பாரம் குறைந்த புது மிக்சர்களில் வரும் சுவிட்ச் மோட் பவர் சப்ளை உள்ள பெட்டியில் பெரிய கப்பாசிட்டர்களில் 325 வோல்ட் அளவு நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். கழற்றி வைத்து நேரம் விட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். அளக்கத் தெரியாவிட்டால் திறக்க வேண்டாம், உயிர் போகிற விஷயம்.

திறந்தவர் கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: கப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால், அடியில் பிசின் மாதிரி ஏதாவது கசிந்திருந்தால் மாற்ற வேண்டும். 10 பாகை சூடு கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது கணக்கு. காற்றோட்டத்தைப் பற்றி இவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

நிகழ்ச்சி நடுவில் நின்றுவிட்டால் உடனே என்ன செய்வது?

மாஸ்டரை (மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) முழுவதும் குறையுங்கள். லைட்டைப் பாருங்கள். கூடுதலாகப் போட்ட ஸ்பீக்கரைக் கழற்றி இரண்டோடு நிறுத்துங்கள். மேல் சீலையை எடுத்து ஃபேனைத் திருப்புங்கள், சூடு என்றால் சுவிட்சை அணைக்காதீர்கள், உள் ஃபேன் ஓடினால்தான் சீக்கிரம் ஆறும். திரும்பி வந்ததும் அடித்தொனியைக் கொஞ்சம் குறைத்து, சிவப்பு பீக் லைட் பத்தாத அளவில் வையுங்கள். மைக் கீச்சிடுவதையும் விடாதீர்கள், அந்தத் தொடர்ச்சியான சத்தம் அம்ப்பை மேளத்தைவிட வேகமாகச் சூடாக்கும்.

திருத்தக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் உதிரிச் சாமான் வாங்கலாம், திருத்துகிறவர்களையும் விசாரித்துப் பிடிக்கலாம். "நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, எந்த லைட் எரிந்தது, எத்தனை ஸ்பீக்கர், எத்தனை ஓம், ஆறினதும் தானாக வந்ததா என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். அன்று பாவித்த பவர் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் சேர்த்தே கொண்டுபோங்கள். திரும்ப எடுக்கும்போது கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே ஸ்பீக்கர் கொழுவி ஒரு மணித்தியாலமாவது ஓட விட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.